மூடி கழற்றிய சில்லு

ஏப்ரல் 6, ஞாயிறு

வீட்டுக்குள்ளேயே முப்பத்தேழு டிகிரி. கரூரில் ஏப்ரல் தொடக்கமே இப்படி என்றால் கத்திரியில் என்ன கதி ஆகப்போகிறோமோ. காலையில் மொட்டை மாடித் தொட்டியைக் கழுவினேன். என் மனைவி வனிதா போர்வைகளை ஊறவைத்தாள். அதற்குப் பிறகு மத்தியானம் வரை கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். அவள் இரண்டு முறை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நெட்டில் இருக்கும் எங்கள் ஓவர்கிளாக்கிங் குழுவில் கோடைப் போட்டியை அறிவித்துவிட்டார்கள். பிராசசரை அதைச் செய்த கம்பெனி சொன்ன வேகத்தைத் தாண்டி ஓட்டவேண்டும். ஆறு மணி நேரம் அது சூடாகி அணைந்துவிடாமல் தாக்குப்பிடிக்க வேண்டும். வேகம் கூடவும் சூடு குறைவாகவும் இருப்பவனுக்கே முதல் இடம். ஏசி கூடாது, ஐஸ் கூடாது, தண்ணீர்க் குழாய் கூடாது. வெறும் காற்றாடி மட்டும். மே 25 கடைசி நாள். பரிசு கிரிசு கிடையாது. ஒரு வருடம் பட்டியலில் முதல் பெயராக இருக்கலாம், அவ்வளவுதான். மூன்று வருடமாக நாக்பூர்க்காரன் ஒருவன் அந்த இடத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்திருக்கிறான். நான் இதுவரை பன்னிரண்டாம் இடத்தைத் தாண்டியதில்லை.

எக்ஸ்போர்ட் கம்பெனியில் படுக்கை விரிப்புக்கு டிசைன் போட்டுப் போட்டே எனக்கு முப்பத்தாறு வயதாகிவிட்டது. நான் போட்ட கட்டங்களின் மேல் யார் யாரோ எந்தெந்த நாட்டிலோ தூங்குகிறார்கள். பூபதி என்று ஒருத்தன் இருக்கிறான் என்று அவர்களில் ஒருவருக்கும் தெரியாது. ஏதாவது ஒன்றில் முதல் ஆளாக நிற்கவேண்டும் என்று ஆசைப்படுவது ஒரு குற்றமா?

இன்றைக்கு ஓட்டிப் பார்த்ததில் கால் மணி நேரத்தில் நூறு டிகிரியைத் தொட்டு அணைந்துவிட்டது.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆபீஸ் முடிந்து ஜெயபால் அண்ணன் கடைக்குப் போனேன். ஜவஹர் பஜாரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார், இந்த பிராசசரை எனக்கு விற்றவர் அவர்தான். பிரச்சினையைச் சொன்னதும், மூடியைக் கழற்றினால்தான் உண்டு என்றார்.

விஷயம் இதுதான். பிராசசர் என்று நாம் கையில் பிடிக்கிற வெள்ளித் தகடு வெறும் மூடி. உண்மையான சில்லு அதற்குக் கீழே விரல் நகம் அளவில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் பூசிய பசை நாளாக நாளாகக் காய்ந்து, சூட்டை வெளியே விடாது. மூடியைச் சுற்றியுள்ள கறுப்பு ஒட்டுப் பசையை பிளேடால் அறுத்து, மூடியைத் தூக்கி எறிந்துவிட்டு, சில்லின் மேல் திரவ உலோகத்தைத் தடவி, காற்றாடி பொருத்திய உலோகக் கட்டையை நேராக அதன் தலையில் உட்காரவைத்தால் இருபது முப்பது டிகிரி இறங்கும். பிளேடு ஒரு மயிரிழை ஆழமாகப் போனால் எல்லாம் போச்சு.

அண்ணனே யோசனையைச் சொல்லிவிட்டு, அண்ணனே வேண்டாம் என்றும் சொன்னார். “மூடி இருக்கறதே சூட்டப் பரத்தி விடத்தானப்பா. அதக் கழட்டிப்போட்டீன்னா அந்தச் சூடு எங்க போறதுன்னு பாத்துக்க” என்றார். வியாபாரம் பண்ணுகிறவர்கள் இப்படித்தான், பயம் காட்டிவிட்டு திரவ உலோகத்தையும் எடுத்துக் கொடுப்பார்கள்.

ஏப்ரல் 13, ஞாயிறு

முடிந்தது. ஆனால் நான் செய்யவில்லை.

சாப்பாட்டு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, பிளேடை எடுத்து வைத்ததுமே அது வழுக்கி, விரித்த துணியைக் கீறிவிட்டது. வனிதா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங் வேலை. விரிப்பின் ஓரத்தில் துருத்திக்கொண்டிருக்கும் நூலைத் துணியில் கீறல் விழாமல் பிளேடால் சீவி எடுப்பாள். பத்து வருடப் பழக்கம். “குடுங்க, நீங்க பண்ணுனா இதுக்குப் பாலூத்த வேண்டியதுதான்” என்று பிடுங்கிக்கொண்டாள்.

ஒரு மூலையில் பிளேடை நுழைத்து, நூல் சீவுவது மாதிரியே சீவிக்கொண்டு போனாள். நாலு பக்கமும் சுற்றி வந்ததும் மூடி ‘டக்’ என்று எழும்பியது. உள்ளே சாம்பல் நிறத்தில் காய்ந்த பசை. ஸ்பிரிட் போட்டு நான் துடைத்தேன். அடியில் சில்லு, கண்ணாடி மாதிரி. சுற்றியிருக்கும் பொடிப்பொடி உறுப்புகளின் மேல் திரவ உலோகம் பட்டால் ஷார்ட் ஆகிவிடும் என்பதால் அவளுடைய நிறமில்லாத நகப்பூச்சையே எடுத்து ஒவ்வொன்றாகத் தொட்டு வைத்தாள். கல்யாண வீட்டில் மணப்பெண்ணுக்கு அலங்காரம் பண்ணுவது மாதிரி இருக்கிறது என்று கேலி செய்தேன்.

அப்போது ஒரு காரியம் செய்தாள். சில்லின் மேல் ஒரு தூசி தெரிந்திருக்கிறது போல. குனிந்து, குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுகிற மாதிரி, வாயைக் குவித்து ஊதிவிட்டாள். மூச்சு பட்டு சில்லு மங்கியது. ஈரம் படலாமா என்று கத்திவிட்டேன். “தூசிங்க” என்றாள். அந்த மங்கல் உடனே போகவில்லை. பக்கத்தில் கண்ணாடித் தம்ளரில் ஊதிப் பார்த்தேன், கண் மூடித் திறப்பதற்குள் போய்விட்டது. சில்லின் மேல் மட்டும் ஓரத்திலிருந்து நடுவை நோக்கி மெதுவாக, மெதுவாகச் சுருங்கி, கடைசியில் ஒரு புள்ளியாகி, உள்ளே போய்விட்டது.

உள்ளே போய்விட்டது என்று எழுதுவது சரியில்லை. காய்ந்துவிட்டது.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. பச்சடி, வடை, பாயசம். திரவ உலோகத்தைத் தடவி எல்லாவற்றையும் பூட்டி ஓட்டினேன். ஐம்பத்திரண்டு டிகிரி! நூறு எங்கே, ஐம்பத்திரண்டு எங்கே. எனக்குத் தலைகால் புரியவில்லை. வனிதாவின் கையைப் பிடித்துக் குலுக்கினேன். கை சூடாக இருந்தது. அடுப்படியிலேயே நின்றதால் தலை வலிக்கிறது என்று சாப்பிட்டதும் படுத்துவிட்டாள்.

ஏப்ரல் 17, வியாழன்

வேகத்தை ஏற்றியும் நாற்பத்து நான்குதான். வேகத்தை ஏற்றினால் சூடு கூடவேண்டும், இது இறங்குகிறது. பசை படியப் படியச் சரியாகும் என்று குழுவில் ஒருத்தன் சொன்னான். வனிதாவுக்கு நூறு டிகிரி காய்ச்சல். மாத்திரை கொடுத்தேன். லீவு போட்டிருக்கிறாள்.

ஏப்ரல் 20, ஞாயிறு

அறையில் முப்பத்தொன்பது. பிராசசர் முப்பத்து நான்கு.

இது நடக்கவே நடக்காத காரியம். காற்றாடி அறைக் காற்றைத்தான் ஊதுகிறது. ஊதுகிற காற்றைவிடக் குளிர்ச்சியாக எந்தப் பொருளும் ஆகாது. எட்டாம் வகுப்புப் பையனுக்குக்கூடத் தெரியும். சென்சார் கோளாறு என்று முடிவு செய்து ஜெயபால் அண்ணனைக் கூப்பிட்டேன். தூரத்திலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கிக் கருவியோடு வந்தார். அதுவும் முப்பத்து நான்கு என்றது. பிறகு கையால் கட்டையைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

அந்த அறையில்தான் வனிதா படுத்திருந்தாள். வீட்டிலேயே குளுகுளுவென்று இருப்பது அங்கேதான் என்று இரண்டு நாளாகப் பாயை அங்கே போட்டிருக்கிறாள். கம்ப்யூட்டர் கேபினெட்டின் தகரத்தில் கன்னத்தை ஒட்டவைத்தபடி கண்ணை மூடிக் கிடந்தாள். அண்ணன் அவளைப் பார்த்தார், கம்ப்யூட்டரைப் பார்த்தார். தங்கச்சிக்கு எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டார். ஒரு வாரமாக விட்டு விட்டு வருகிறது என்றேன். டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டு, கடையில் ஆள் இல்லை என்று கிளம்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை அவர் கடையே கிடையாது.

ஏப்ரல் 24, வியாழன்

மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலிருந்து கரண்ட் இல்லை. வீடு அடுப்பு மாதிரி. ஆனால் வனிதா எழுந்து குளித்து, தலையைத் துவட்டி, முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள். காய்ச்சல் சுத்தமாக இல்லை. பழைய மாதிரி வாயும் வந்துவிட்டது. நான் போட்டிருந்த சட்டையைப் பார்த்து, நாக்பூர்க்காரன் பார்த்தால் பயந்தே விட்டுக்கொடுத்துவிடுவான் என்றாள்.

எதற்கும் காட்டிவிடலாம் என்று இரண்டு தெரு தள்ளியிருக்கும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனேன். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். டெங்கு இல்லை, டைபாய்டு இல்லை, ஒன்றும் இல்லை. டாக்டரைக் கண்டால் காய்ச்சல் ஓடி ஒளிந்துகொள்கிறது.

சாயங்காலம் கரண்ட் வந்தது. ஒரு ஓட்டம் ஓட்டிப் பார்த்தேன், முப்பத்தொன்று. வனிதா மறுபடி படுத்துவிட்டாள். வெயிலில் நடந்து போய் வந்தது ஒத்துக்கொள்ளவில்லை.

ஏப்ரல் 29, செவ்வாய்

இருபத்தொன்பது. அவளுக்கு நூற்றியிரண்டு.

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் ஆரம்பம். வேலாயுதம்பாளையத்திலிருந்து என் மாமியார் வந்தார். மகளைப் பார்த்ததும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். உண்மைதான், இளைத்திருக்கிறாள். தினமும் பார்த்துக்கொண்டே இருப்பதால் எனக்குத் தெரியவில்லை. தொட்டுப் பார்த்தார், நெற்றி, கழுத்து, உள்ளங்கால். அப்புறம் அறைக்குள்ளேயே கொஞ்ச நேரம் நின்றார். அந்தக் குளிர் அவருக்குப் பிடிக்கவில்லை என்பது முகத்தில் தெரிந்தது. வெளியில் ஜன்னல் கம்பியைத் தொட முடியாத வெயில்.

“மாப்பள, புள்ளைய நா கூட்டிட்டுப் போறனுங்க. இந்த ரூமுல அவ இனி படுக்கக்கூடாதுங்க” என்றார். ஏன் என்று கேட்டேன். அவர் அவளுடைய பாயைச் சுருட்ட ஆரம்பித்தார். பெரியவர்களிடம் வாக்குவாதம் செய்யக்கூடாது என்று ஆட்டோ பிடித்து ஏற்றிவிட்டேன்.

மே 7, புதன்

எண்பத்தெட்டு டிகிரி. ஓட ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்திலேயே அணைந்துவிட்டது. கட்டையைக் கழற்றித் திரவ உலோகத்தைத் துடைத்து மறுபடி தடவினேன். தொண்ணூற்றொன்று. மறுபடி துடைத்தேன், மறுபடி தடவினேன். தொண்ணூற்றிரண்டு. குழுவில் நாக்பூர்க்காரன் புதிய கணக்கு ஏற்றியிருக்கிறான். அறுபத்தொன்பது டிகிரியில் ஆறு மணி நேரம். அவனுக்கு எல்லாரும் கை தட்டுகிறார்கள்.

வனிதா போன் செய்தாள். போய்ச் சேர்ந்த அன்றைக்கே காய்ச்சல் நின்றுவிட்டதாம். ராகிக் களி சாப்பிட்டாளாம், வாய்க்கால் வரைக்கும் நடந்து போனாளாம். எனக்கு சந்தோஷமாக இருந்தது. நிஜமாகவே சந்தோஷம், இதை எழுதுவதற்கு ஒரு காரணமும் இல்லை, சும்மா எழுதுகிறேன். அங்கே கம்ப்யூட்டர் எப்படி இருக்கிறது என்று அவள்தான் கேட்டாள். பரவாயில்லை என்றேன்.

மே 10, சனி

வீடு வெறிச்சென்று இருக்கிறது. நானே சமைத்து நானே தின்பது சலித்துவிட்டது. துணி மலையாகக் குவிந்துவிட்டது. மனைவி இல்லாத வீடு ஒரு வீடா? தொண்ணூற்று நான்கு.

மே 14, புதன்

போய் அழைத்து வந்துவிட்டேன்.

மாமியார் லேசில் விடவில்லை. மகள் இன்னும் தேறவேண்டும் என்றார். மாரியம்மன் கோவில் திருவிழாவுக்குக் கம்பம் நட்டாகிவிட்டது, கரூரில் வாக்கப்பட்டவள் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றாமல் எங்கேயோ உட்கார்ந்திருந்தால் நன்றாகவா இருக்கும் என்றேன். உடம்புச் சூடு தணியத்தானே ஊரே அந்தக் கம்பத்தில் தண்ணீர் ஊற்றுகிறது என்றும் சொன்னேன். ஆத்தா பெயரைச் சொன்னதும் மகளுடைய பையை எடுத்து வந்து வைத்தார். எப்போதும் நெற்றியில் விபூதிகூட வைக்காத மாப்பிள்ளைக்கு எங்கிருந்து பக்தி வந்தது என்று நினைத்திருப்பார்.

வண்டியில் பின்னால் உட்கார்ந்து வரும்போது வனிதா கேட்டாள், “நா வந்தா அது குளுந்துருமுங்களா?”

காற்று இரைச்சலில் காதில் விழாத மாதிரி ஓட்டினேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் அவள் நேராக அந்த அறைக்குப் போனாள். கம்ப்யூட்டரைப் போடுங்கள் என்றாள். போட்டேன். ஓட்டம் ஆரம்பித்ததும் எழுபது, எழுபத்தெட்டு என்று ஏறியது. அவள் பாயை விரித்துக் கேபினெட் பக்கத்தில் உட்கார்ந்தாள். எண் நின்றது. பிறகு படியிறங்குவது மாதிரி ஒவ்வொன்றாக இறங்கி முப்பதில் வந்து நின்றது. நாங்கள் இரண்டு பேரும் அதையேதான் பார்த்துக்கொண்டிருந்தோம். இனிமேல் தெரியாது என்று சொல்ல அந்த அறையில் யாரும் இல்லை.

“போட்டி எப்ப முடியுதுங்க?” என்று கேட்டாள். 25 என்றேன். “நீங்க செயிச்சுட்டா அப்புறம் இத எடுத்துப் போட்டுருவீங்களா?” என்றாள். சத்தியமாக என்றேன். தலையில் கை வைக்கப் போனேன், அதெல்லாம் வேண்டாம் என்று தள்ளிவிட்டுச் சிரித்தாள். அவள் முகம் அதற்குள் சிவந்திருந்தது.

இப்படி ஒருத்தி எனக்கு வாய்த்திருக்கிறாள். அதை நினைத்தால் எனக்கே கண் கலங்குகிறது. தோற்றால் அவளுக்குச் செய்கிற துரோகம் ஆகிவிடும். ஜெயிக்கத்தான் வேண்டும்.

மே 18, ஞாயிறு

இன்று மூன்று மணி நேர ஒத்திகை. இருபத்து மூன்று டிகிரி. இவ்வளவு வேகத்தில் இந்த பிராசசர் உலகத்தில் எங்கேயும் ஓடியிருக்காது. வனிதா பேச்சைக் குறைத்துக்கொண்டாள். பேசினால் நாக்கு ஒட்டுகிறதாம். ஈரத் துணியை நெற்றியில் போட்டால் நான் திரும்புவதற்குள் காய்ந்துவிடுகிறது. இளநீர் மூன்று வாங்கிக் கொடுத்தேன்.

ஓட்டத்தின் நடுவில் ஒரு தடவை வேகத்தை ஒரு படி ஏற்றினேன். எனக்கு முதுகு காட்டிப் படுத்திருந்தவள், திரையைப் பார்க்காமலே, “இப்ப ஏத்துனீங்களா?” என்றாள்.

மே 20, செவ்வாய்

அவளால் கோவிலுக்கு நடக்க முடியவில்லை. நான் போய்க் கம்பத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்றினேன். பெண்கள் கூட்டத்தில் ஆண் ஒருத்தன் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நின்றதைப் பார்த்து ஆபீஸ் ஆட்கள் சிரித்தார்கள். ஊற்றினேன், வேண்டிக்கொண்டேன். என்ன வேண்டினேன் என்று எழுதப்போவதில்லை.

மே 22, வியாழன்

சனிக்கிழமை இறுதி ஓட்டம். கடைசி நாள் வரைக்கும் வைத்துக்கொண்டால் நெட் காலை வாரிவிடும்.

மே 25, ஞாயிறு

நேற்று நடந்ததை இப்போதுதான் எழுத முடிகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன். வனிதா உள்ளே தூங்குகிறாள். ஆபத்து நீங்கிவிட்டது.

நேற்று மத்தியானம் சாப்பிட்டவுடன் ஓட்டத்தை ஆரம்பித்தேன். அவளும் ஒரு வாய் கஞ்சி குடித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள், பரீட்சைக்குப் போகிற பிள்ளைக்குத் துணை வருகிற மாதிரி. முதல் ஒரு மணி நேரம் பதினெட்டு டிகிரி. என் வாழ்க்கையில் அப்படி ஒரு எண்ணைப் பார்ப்பேன் என்று நினைக்கவில்லை. பிறகு அவள் என்னவோ பேச ஆரம்பித்தாள். என்னிடம் இல்லை. விரிப்பில் நூல் எடுப்பது பற்றி, அளவு பற்றி, எண்களாகவே சொல்லிக்கொண்டிருந்தாள். திரையில் அப்போது ஓடிய எண்களைத்தான் சொல்கிறாளோ என்று எனக்கு ஒரு எண்ணம். அவள் கண் மூடியிருந்தது. கையைத் தொட்டேன், தோசைக்கல் மாதிரி இருந்தது. கண் மேலே செருகிவிட்டது.

தூக்கிக்கொண்டு ஓடினேன். ஆட்டோவுக்குக்கூட நிற்கவில்லை, இரண்டு தெருதானே. நூற்றியைந்தைத் தாண்டி இருக்கிறது என்று நர்ஸ் தெர்மாமீட்டரை இரண்டாம் முறை உதறி வைத்தாள். ஐஸ் வைத்தார்கள், ஊசி போட்டார்கள், மேலே ஏறிக்கொண்டுதான் இருந்தது. அவசரத்தில் வீட்டில் கம்ப்யூட்டரை நிறுத்த மறந்துவிட்டேன். மறந்துதான்விட்டேன்.

போன் செய்ததும் மாமியார் வந்து சேர்ந்தார். மகளைப் பார்த்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அழவில்லை. என்னை விட்டுப் பார்வையை எடுக்காமல், “போயி அந்தப் பொட்டிய நிறுத்திட்டு வாங்க மாப்பள” என்றார். கும்பிடுகிற மாதிரி இரண்டு கையையும் சேர்த்தார். உடனே கிளம்பினேன்.

வீட்டுக்குப் போனேன். அந்த அறைக் கதவைத் திறந்ததும் உள்ளேயிருந்து குளிர் வந்து காலில் மோதியது. கேபினெட்டின் மேல் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. எண் ஒன்பதில் இருந்தது. ஒன்பது எட்டாகி, எட்டு கொஞ்ச நேரம் நின்று, ஏழாகி, அப்புறம் ஆறு என்று வந்தது. நிறுத்தினேன். திரும்பி வந்தேன்.

நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது காய்ச்சல் இறங்க ஆரம்பித்திருந்தது. கடைசியாகப் போட்ட ஊசி வேலை செய்திருக்கிறது. கைராசியான டாக்டர்.

மே 27, செவ்வாய்

முடிவு வந்துவிட்டது. முதல் இடம். பூபதி, கரூர். ஆறு மணி நேரமும் முழுதாக ஓடியதாகப் பதிவாகியிருக்கிறது. கீழே ஒரு வரி விளக்கம் போட்டிருக்கிறார்கள், வெப்பக் கணக்கு நம்பமுடியாததாக இருந்தாலும் பதிவுகளில் குறை ஏதும் இல்லை என்று. நாக்பூர்க்காரன் முதல் ஆளாக வாழ்த்துச் சொன்னான். எப்படிச் செய்தாய் என்று தனியாகக் கேட்டான். மூடியைக் கழற்றினேன் என்று மட்டும் எழுதினேன். நானும் கழற்றித்தான் இருக்கிறேன், எனக்கு இப்படி வரவில்லையே என்றான்.

ஜெயபால் அண்ணனுக்கு போன் செய்தேன். எடுக்கவில்லை.

மே 29, வியாழன்

வனிதாவை வீட்டுக்கு அழைத்து வந்தோம். அவளும் மாமியாருமாக முன்னறையில் படுத்துக்கொள்கிறார்கள். ரசம் சாதம் சாப்பிடுகிறாள். தெர்மாமீட்டரில் பிசகே இல்லை. பிராசசரை இன்னும் கழற்றவில்லை, ஒரு பழைய விரிப்பைப் போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒருநாள் ஒழிந்த நேரத்தில் பார்த்துக் கழற்றவேண்டும். ஜெயித்ததை அவளிடம் சொன்னேன். “சந்தோசமுங்க” என்றாள்.

ஜூன் 1, ஞாயிறு

காலையில் மாமியார் காய் வாங்கப் போயிருந்தார். வனிதா முன்னறையில் கால் நீட்டி உட்கார்ந்து, உடம்பு சரியில்லாத நாளில் சேர்ந்துபோன துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து ஒரு சட்டையை எடுத்து மடித்தேன். நான் மடித்ததை எடுத்து மறுபடி மடித்தாள். பழைய வனிதா வந்துவிட்டாள் என்று மனசுக்கு இதமாக இருந்தது. திருவிழா முடிந்து ராட்டினத்தைப் பிரித்துவிட்டார்களா என்று கேட்டாள். இன்னும் இருக்கிறது, போகலாம் என்றேன்.

அப்புறம் என்னைப் பார்க்காமல் கேட்டாள். அன்றைக்கு அம்மா சொன்னதும் வீட்டுக்குப் போனீர்களே, போனதும் நிறுத்திவிட்டீர்களா என்று. போனதும் நிறுத்திவிட்டேன் என்றேன். கதவைத் திறந்தேன், சுவிட்சை அமுக்கினேன், ஓடி வந்தேன் என்றேன். சொல்லும்போது எனக்கே உண்மை மாதிரிதான் இருந்தது.

அவள் கையிலிருந்த துணியை முடித்து அடுக்கின் மேல் வைத்தாள்.

“நீங்க கெளம்பிப் போறப்ப சன்னல்ல வெயில் இருந்துச்சுங்க” என்றாள். “நா கண்ணத் தொறந்துதான் வெச்சிருந்தேன், பேசத்தான் முடியல. எனக்கு ஒடம்பு குளுந்தப்ப லைட்டெல்லாம் போட்டுட்டாங்க. ரெண்டு தெருதானுங்க நம்மூடு.”

குரலில் கோபமே இல்லை. கோபம் இருந்திருந்தால் பதிலுக்குக் கத்தியிருப்பேன், எதையாவது சொல்லித் தப்பித்திருப்பேன். வெட்கம் உச்சந்தலையில் ஆரம்பித்து உடம்பு முழுக்க இறங்கியது. பாதியில் நிறுத்தியிருந்தால் கணக்கில் சேராது என்று அவளிடம் எப்படிச் சொல்வது? அவளுக்கு அது தெரியாமலா இருக்கும்?

மடித்த துணிகளை இரண்டு பங்காகப் பிரித்தாள். என்னுடையதை பீரோவில் அடுக்கினாள். அவளுடையதைப் பையில் வைத்தாள். மாமியார் காய்ப் பையோடு வந்தார், பார்த்தார், காயைக் கீழே வைக்காமலே வாசலில் நின்றுகொண்டார். சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னேன். வெயில் ஏறுவதற்குள் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும் என்றார்கள்.